ரெண்டு கட்டையில் ஒரு சின்ன வயலின்

"காதைக் கொஞ்சம் காட்டிப் பாருங்களேன்" என்று வயலின் டீச்சர் என்னிடம் சொன்னது ஒரு மழை நாளில், அவர் வீட்டு வாசலில் நான் குடையை மடக்கிக்கொண்டிருந்தபோது. யாருடைய காதை என்று எனக்கு முதலில் புரியவில்லை. என் பெண் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடியிருந்தாள். டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"கை நல்லா ஓடுதுங்க. பாடமெல்லாம் மனப்பாடம். ஆனா சுருதி நிக்க மாட்டேங்குது. 'ஸ'ன்னு இழுக்க ஆரம்பிச்சா அது முடியறதுக்குள்ள எங்கயோ போயிடுது. பொங்கலுக்கு அப்புறம் இந்தப் பிள்ளைங்கள அடுத்த பாடம், ஜண்டை வரிசைக்குக் கொண்டு போறேன். அதுக்குள்ள சரியாவலன்னா வேற ஏதாச்சும் கிளாஸ்ல சேத்து வுடுங்க. பரதம் இருக்கு, டிராயிங் இருக்கு. பிள்ளைய ஏன் கஷ்டப்படுத்தணும்?"

நான் "சரிங்க டீச்சர்" என்றேன். யார் எதைச் சொன்னாலும் முதலில் "சரிங்க" என்பதுதான் என் வழக்கம். யோசனை எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும், அதுவும் வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது.

என் பெண்ணுக்கு எட்டு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் காதில் சீழ் வந்து, மருந்து போட்டு, சரியாயிற்று. உண்மையிலேயே சரியாயிற்றா, அல்லது சரியாகிவிட்டது என்று நாங்களாக நினைத்துக்கொண்டோமா? கூப்பிட்டால் அவள் சில சமயம் திரும்புவதில்லை. படம் பார்க்கும்போது எந்தப் பிள்ளைதான் திரும்பும் என்று இத்தனை நாளும் இருந்துவிட்டேன்.

அந்த வாரமே காது டாக்டரிடம் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் அவளை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். எனக்கு வெளியே ஒன்றும் கேட்கவில்லை. அவள் கை மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

"ரெண்டு காதும் நல்லாருக்கு. எறும்பு நடந்தாக்கூட சொல்லிடும் போல" என்றார் டாக்டர்.

"சுருதி சேரலன்னு டீச்சர் சொல்றாங்க டாக்டர்."

"சத்தம் கேக்குதான்னு பாக்கத்தாம்மா என்கிட்ட மெஷின் இருக்கு. சுருதி கேக்குதான்னு பாக்கறதுக்கு இல்ல."

ஆக, பயம் தீரவில்லை, இடம்தான் மாறியது. காது கேட்கிறது, ஆனால் சங்கீதத்துக்கான காது இல்லையோ? அது பிறவியிலேயே வருவதாமே. எங்கள் பக்கத்தில் யாருக்கும் பாட வராது. நானே சாமி அறையில் கூட முணுமுணுப்பதோடு சரி. அவளோ அந்த வயலினை விட்டு நகர மாட்டாள். பள்ளிக்கூடப் பையைக் கூடத்தில் எறிந்துவிட்டு முதலில் அந்தப் பெட்டியைத்தான் திறப்பாள். "உனக்கு இது வராதாம்" என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

அந்த வயலின் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் கணவருடைய அக்கா கல்யாணமாகி பிரான்சில் இருக்கிறார். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் மகன் சிறுவனாக இருந்தபோது பள்ளியில் கற்றுக்கொண்ட வயலின் அது. அவன் வளர்ந்து, ஆர்வமும் விட்டுப்போய், அது சும்மா கிடந்ததால் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். முக்கால் அளவு. உள்ளே நீல வெல்வெட் போட்ட பெட்டி, மூடியில் மாற்றுக் கம்பிகள் வைத்த ஓர் உறை. வகுப்பில் மற்ற நான்கு பிள்ளைகளும் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ வாங்கிய முழு அளவு வயலின் வைத்திருக்கிறார்கள். சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பதால், பெரிய வயலினும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துப்போய்விடுகிறது. என் பெண்ணுடையதுதான் வரிசையில் குட்டையாக, சிவப்பாக, தனியாகத் தெரியும்.

டீச்சர் வீட்டில் ஒரே சுருதிப் பெட்டிதான், எல்லோருக்கும் ஒரே சுருதிதான். ரெண்டு கட்டை. டீச்சரின் வயலின் அதில் சேர்ந்திருக்கும், பிள்ளைகளின் வயலின்களையும் வகுப்பு தொடங்கும் முன் அவரே ஒவ்வொன்றாக வாங்கி அதற்கே சேர்த்துக் கொடுப்பார். ஐந்து பேரும் ஒன்றாக சரளி வரிசை வாசிக்க வேண்டுமே. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் தோன்றியதில்லை.

சந்தேகம் தோன்றியது தலை பின்னும்போது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. போனில் சுருதியைப் போட்டுவிட்டு அவள் சரளி வரிசை பாடிக்கொண்டிருந்தாள். அதே போனில், பாடும் சுரம் சரியா என்று முள் அசைந்து காட்டும் ஒரு செயலியும் வைத்திருந்தேன். டீச்சர் சொன்ன நாளிலிருந்து அதைத்தான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் 'ஸ' என்று நீட்டினாள். முள் நடுவில் வந்து நின்றது. 'ப' என்றாள். அங்கேயும் நின்றது.

"எங்க, அதையே வயலின்ல வாசி பாப்போம்."

"ஒரு பக்கம்தாம்மா பின்னியிருக்க."

"பரவால்ல, வாசி."

வாசித்தாள். முள் நடுவில் தொடங்கி, விலகி, வந்து, மறுபடி விலகியது. நான் உற்றுப் பார்த்தேன். 'ஸ' என்பது வயலினில் விரலே வைக்காமல் வாசிக்கும் சுரம். இரண்டாவது கம்பியை வெறுமனே வில்லால் இழுக்க வேண்டியதுதான். விரல் தப்பான இடத்தில் விழுந்தால் அபசுரம் வரும், சரி. விரலே விழாத கம்பி எப்படி அபசுரமாகும்? அதில் என் பெண்ணின் காதுக்கு என்ன வேலை?

அந்தக் கேள்வி வந்த பிறகு என்னால் வேறு எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை. நான் வேதியியல் படித்தவள். வயலினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று கல்லூரியில் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். மறுநாள் பெண் பள்ளிக்கூடம் போனதும் வயலினை மேசை விளக்கின் கீழ் ஒரு துண்டின் மேல் படுக்க வைத்தேன். தொடவே பயமாக இருந்தது. ஒடித்துவிட்டால் அண்ணிக்கு என்ன பதில் சொல்வேன்? முதலில் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொண்டேன், திரும்ப அப்படியே வைப்பதற்கு.

தாடையை வைத்துக்கொள்ளும் கறுப்புத் தாங்கி முதலில் கண்ணில் பட்டது. நம் முறையில் உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு அது அவசியமில்லை. அதைப் பிடித்திருந்த திருகு தளர்ந்திருந்தது. கழற்றிவிட்டுக் கம்பிகளைத் தட்டினேன். நான்காவது கம்பியில் எப்போதும் வரும் ஒரு தகர 'ர்ர்ர்' காணாமல் போயிருந்தது! ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டதுபோல் எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். பிறகு அவள் வந்து வாசித்தபோது 'ர்ர்ர்' இல்லை, முள் மட்டும் அலைந்தது.

அடுத்து குதிரை. கம்பிகளைத் தாங்கி நிற்கும் அந்தச் சின்ன மரத்துண்டை டீச்சர் பிரிட்ஜ் என்பார். ஆணியும் பசையும் இல்லாமல், கம்பிகளின் அழுத்தத்திலேயே அது நிற்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கம்பியை ஏற்றி இறக்கும் பிருடையை முறுக்க முறுக்க குதிரையின் உச்சி விரல்பலகைப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு கைகளாலும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். சத்தம் கூராயிற்று. போனில் முன்பு பதிந்து வைத்ததையும் இதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். முன்னது போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல, இது போர்வையை விலக்கியதுபோல. அரை விரற்கடை கூட நகராத ஒரு மரத்துண்டு இவ்வளவு செய்யுமா? ஆனால் முள் அலைவது நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் கணவர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது, வயலினின் வளைந்த துளைக்குள் போன் விளக்கைக் காட்டி ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, பிள்ளைக்கு காது டாக்டர், வயலினுக்கு நீ டாக்டரா?"

"உள்ள ஒரு குச்சி நிக்குதுங்க. சுண்டு விரல் மொத்தம் இருக்கும். மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவுல."

"நிக்கிறது நிக்கட்டும், நீ தட்டி வுட்டுராத. மூடி வச்சுட்டு டீயப் போடு."

டீ போட்டேன். அந்தக் குச்சியும் குதிரையைப் போலச் சும்மாதான் நிற்கிறதா என்ற நினைப்பில் சர்க்கரையை இரண்டு முறை போட்டுவிட்டேன்.

அண்ணியிடம் கேட்டுவிடுவது என்று, பெண் வாசித்ததைப் பதிந்து அனுப்பினேன். அனுப்பியபின் வழக்கம்போலக் கலங்கினேன். கொடுத்த பொருளில் குறை சொல்வதாக நினைத்துக்கொள்வாரோ? இரண்டு நாள் கழித்து அவரே வீடியோ காலில் வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க அந்த வயலின? அத வாங்குன கடைக்கே போயி போட்டுக் காமிச்சேன். கடைக்காரரு கேட்டுட்டு, இது ஆல்ட்டோவா மதாம்னு கேக்குறாரு."

"ஆல்ட்டோவா? நம்மகிட்ட ஸ்கூட்டிதான்க்கா இருக்கு" என்றார் கணவர் பின்னாலிருந்து.

"சும்மா இருடா. ஆல்ட்டோன்னா வயலினுக்கு அக்கா மாதிரி, பெருசா இருக்கும், சத்தமும் கீழ இருக்கும். இது முக்கால் வயலின்னு சொன்னேன். அந்த மனுசன் தலையில கை வச்சுக்கிட்டாரு. இந்தக் கம்பியெல்லாம் எவ்ளோ மேல நிக்கணுமோ அதுக்குன்னே மெலிசா செஞ்சது, ஏன் இவ்ளோ கீழ இறக்கி வச்சிருக்காங்கன்னு கேக்குறாரு."

"கிளாஸ்ல எல்லாருக்கும் ரெண்டு கட்டை அண்ணி. அதான்…"

"எனக்கு கட்டையும் தெரியாது ஒண்ணும் தெரியாது. அவரு சொன்னத சொல்றேன். கம்பி மாத்துறதுன்னா ஒண்ண கழட்டி ஒண்ண போடணுமாம். நாலையும் ஒரேயடியா கழட்டிராத. உள்ள ஒரு குச்சி இருக்காமே, கம்பி இழுத்துப் புடிச்சிருக்கறதாலதான் அது நிக்குதாம். வுழுந்துடும். அதுக்கு இங்க பேரே உயிருன்னுதான்."

நான் வயலினைப் பார்த்தேன். நல்லவேளை, அத்தனையையும் கழற்றித் துடைக்கலாம் என்று முந்தின நாள்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் மழை விட்டிருந்தது. மாடியில் துணி காயப்போடப் போனேன். கொடிக்கயிறு மழையில் நனைந்து தொய்ந்து கிடந்தது. ஒரு கைக்குட்டையைப் போட்டதற்கே தணிந்தது. பெட்ஷீட்டைப் போட்டதும் நடுவில் தரையைத் தொடப் பார்த்தது. கம்பத்தில் இழுத்துக் கட்டிவிட்டுப் போட்டேன். அதே பெட்ஷீட்டுக்கு இப்போது கயிறு கொஞ்சம்தான் அசைந்தது. ஈரக் கையோடு கீழே ஓடிவந்து, வயலினை எடுத்து, இரண்டாவது கம்பியை விரலால் அழுத்தினேன். கொடிக்கயிறு போலவே நெகிழ்ந்தது.

பெண் வந்ததும் கேட்டேன். "கிளாஸ்ல வில்ல எப்படிப் புடிக்கிற? மெதுவாவா, அழுத்தியா?"

"அழுத்திதாம்மா. மத்தவங்க வயலின் பெருசா கத்துது. என்னுது எனக்கே கேக்க மாட்டேங்குது."

"இப்ப மெதுவா இழு. ரொம்ப மெதுவா."

முள் நடுவில் நின்றது.

"இப்ப கிளாஸ்ல மாதிரி."

முள் ஓடியது.

அவ்வளவுதான் விஷயம். மெல்லிய கம்பியை அதன் இடத்திலிருந்து மிகவும் கீழே இறக்கியதால் அதில் இழுவிசை இல்லை. இழுவிசை இல்லாததால் சத்தம் இல்லை, சத்தம் இல்லை என்று அவள் அழுத்துகிறாள், அழுத்தினால் தொய்ந்த கம்பி சுருதி விலகுகிறது. இது சரியா என்று எனக்கு நானே பலமுறை வாதாடிப் பார்த்தேன். அப்படியானால் மற்றப் பிள்ளைகளின் வயலின்கள்? அவையும் அதே ரெண்டு கட்டைதானே? ஆனால் அவற்றின் கம்பி நீளம் அதிகம், டீச்சர் வாங்கச் சொல்லும் கம்பியும் தடிமன். அதனால் தாங்கிக்கொள்கின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும். இருக்குமா?

மூடியிலிருந்த உறையைத் திறந்தேன். மாற்றுக் கம்பிகள் நான்கும் காகிதச் சுற்றில் இருந்தன, ஒவ்வொன்றிலும் அது நிற்க வேண்டிய சுருதியின் எழுத்து அச்சிட்டிருந்தது. போன் செயலியில் அந்த எழுத்துகளைப் பார்த்தேன். இரண்டாவது கம்பிக்குப் பிறவிச் சுருதி எதுவோ, அதுதான் டீச்சர் முதல் கம்பியில் வைக்கும் 'ப'. மூன்றாவதுக்குப் பிறவிச் சுருதி எதுவோ, அதுதான் அவர் இரண்டாவதில் வைக்கும் 'ஸ'. என்றால் ஒவ்வொன்றையும் ஓர் இடம் தள்ளிப் போட்டால், இரண்டும் தாம் நிற்க வேண்டிய இறுக்கத்திலேயே நிற்கும். சரளி வரிசை முழுவதும் இந்த இரண்டு கம்பிகளில்தான்.

டீச்சரைக் கேட்காமல் செய்யலாமா? "டீச்சர், கம்பியை மாற்றிப் போடட்டுமா" என்று வாட்ஸப்பில் எழுதி அழித்தேன். மறுபடி எழுதினேன். அவர் வேண்டாம் என்றால் நான் "சரிங்க" என்றுவிடுவேன் என்று எனக்கே தெரியும். அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவர் வயலினைப் பிடித்துக்கொள்ள, நான் முதல் கம்பியைக் கழற்றினேன். ஈரக்காற்றில் பிருடை ஊறி இறுகியிருந்தது. 'கிறீச்' என்று திரும்பியபோது நாங்கள் மூவரும் ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டோம். ஒடியவில்லை. அதன் இடத்தில் உறையிலிருந்த இரண்டாவது, கொஞ்சம் தடித்த கம்பியைக் கோத்து ஏற்றினேன். ஏற்றும்போதெல்லாம் குதிரை சாய்கிறதா என்று பெண் குனிந்து பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "சாயுதும்மா. சாயுது. நிறுத்து. ம், இப்ப நேரா இருக்கு." பிறகு இரண்டாவதின் இடத்தில் மூன்றாவது. கழற்றிய கம்பிகளைச் சுருட்டி உறையில் வைத்துக்கொண்டேன், டீச்சர் கோபித்தால் அங்கேயே திரும்பப் போட்டுவிடலாம் என்று.

பெண் வில்லுக்கு ரோசின் பிசின் தேய்த்து, உட்கார்ந்து, 'ஸ' இழுத்தாள். நான் முள்ளைப் பார்க்க மறந்துபோனேன். அந்தச் சின்ன வயலினிலிருந்து இப்படி ஒரு சத்தத்தை நாங்கள் கேட்டதில்லை. கூடம் நிறைந்தது.

"யப்பா" என்றார் கணவர். "இனிமே டிவி பாத்த மாதிரிதான்."

புதன்கிழமை வகுப்பில் டீச்சர் வயலினை வாங்கியதும் கண்டுபிடித்துவிட்டார். கட்டை விரலால் முதல் கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கம்பி மாத்திருக்கீங்களா? யாரு மாத்துனது?"

"நாந்தான் டீச்சர். தப்புன்னா பழசு கொண்டாந்துருக்கேன், இப்பவே…" என்று உறையை எடுக்கப் போனேன். கொடிக்கயிறு, பெட்ஷீட், ஆல்ட்டோ எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன்.

"இருங்க, இருங்க. மூச்சு வுடுங்க." பிருடையைத் திருகிச் சுருதி சேர்த்தார். "எனக்கு வந்த பிள்ளைங்கள்லாம் பெரிய வயலின்தான் கொண்டு வந்துருக்கு. இந்தச் சின்னதுக்கு இப்புடின்னு எனக்குத் தோணல. வாசிக்கட்டும், பாப்போம். ஆனா ஒண்ணு. கம்பி கம்பிதான், காது காதுதான். நான் சொன்னத மாத்திக்கல."

ஐந்து பேரும் வரிசையில் உட்கார்ந்தார்கள். டீச்சரும் கூடவே வாசித்தார். நான் மூலையில் பாயின் ஓரத்தில் இருந்தேன். சரளி வரிசை முதல் காலம் போயிற்று. அவளுடைய வயலின் சத்தம் நடுவிலிருந்து எனக்குத் தனியாகக் கேட்டது, அழுத்தாமல், சாதாரணமாக. வேகம் கூடிய இரண்டாம் காலத்தின் நடுவில் அவள் திடீரென்று வில்லை எடுத்துவிட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"என்ன, மறந்துட்டியா?" என்றார் டீச்சர்.

"இல்ல மிஸ்."

"பின்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல், வாசி வாசி என்று கையைக் காட்டினேன்.

"மிஸ், உங்க வயலின்ல ரெண்டாவது கம்பி எறங்கியிருக்கு."

ஒரு பையன் சிரித்தான். நான் எழுந்தேவிட்டேன். "ஏய், என்ன பேச்சு இது? டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க, அவளுக்கு…"

டீச்சர் எனக்குக் கையமர்த்திவிட்டு, சுருதிப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினார். தன் இரண்டாவது கம்பியை நீளமாக இழுத்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மழைக் காற்று எல்லோருடைய பிருடையோடும் விளையாடுகிற மாதம் அது. மெல்லத் திருகினார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் மிஸ்."

"இப்ப?"

"ம்ம்… கூடிடுச்சு."

"ஏண்டி, எனக்கே சுருதி சொல்றியா நீ?" என்றார் டீச்சர். ஆனால் இறக்கினார். இழுத்தார். "இப்ப?"

அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. வில்லால் தரையை ஒரு தட்டுத் தட்டி, "ரெண்டாம் காலம், முதல்லேர்ந்து" என்றார்.

வகுப்பு முடிந்து வாசலுக்கு வந்தபோது, "பொங்கல் வரைக்கும் எதுக்கு, இவளுக்கு அடுத்த வாரமே ஜண்டை ஆரம்பிச்சுடலாம். கிளாஸ் முடிஞ்சு கூட அரைமணி இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். "சரிங்க டீச்சர்" என்றேன்.

வண்டியில் பெண் எனக்கு முன்னால் நின்றுகொண்டு வந்தாள். வயலின் பெட்டி என் முதுகில். கோவில்பத்து திருப்பத்தில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நிறுத்தியபோது கேட்டேன்.

"ஏன் பாப்பா, அத்தனை பேரு வாசிக்கும்போது டீச்சரோட கம்பி எறங்குனது உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

அவள் திரும்பிப் பார்த்தாள், நான் ஏதோ விளையாடுகிறேன் என்பதுபோல.

"கேட்டுச்சேம்மா. உனக்குக் கேக்கல?"

எனக்குக் கேட்கவில்லை. பஸ் போனதும் வண்டியை எடுத்தேன்.